சித்தப்பா தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த புத்தகம்

டேய், இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கன்னடப் பள்ளியில் போட்டவள் நான்தான். தமிழை வீட்டில் மளிகைச் சீட்டு எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், அதற்கு மேல் உனக்கும் பொறுமை இல்லை, எனக்கும் நேரம் இல்லை. பரவாயில்லை, மெதுவாகவே படி. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ‘உன் சித்தப்பா’ என்று வாயெடுத்ததுமே நீ ‘போகட்டும் விடும்மா’ என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்ததை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் பேரைச் சொல்லி நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முந்தின ஞாயிறு, காலை டிபன் வேலை முடிந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணி, சென்னாகிதிரா?” என்று கன்னடத்தில் நலம் விசாரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத குழைவு. எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. “பொண்ணு காவ்யா பிசிஏ சேர்ந்திருக்கா அண்ணி. முதல்ல எந்த கம்ப்யூட்டர் லாங்குவேஜ்ல ஆரம்பிக்கணும்னு கேட்டா ஒருத்தன் ஜாவாங்கறான், ஒருத்தன் சி-ங்கறான், தலை சுத்துது. உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? நேரா கேக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.” ஒரு மாதிரியா இருக்கிறதாம்! இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, “என்ன கேட்டீங்க, சரியாக் காதுல விழல” என்றேன். அவர் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. நல்லவளாகக் காட்டிக்கொள்ள இந்தக் கடிதத்தை எழுதவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் கேட்டேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பைதான்ல ஆரம்பிக்கச் சொல்லும்மா. காவ்யா லேப்டாப்ல நானே எல்லாம் போட்டுத் தர்றேன். அடுத்த மாசம் மைசூர் வர்றப்ப பாக்கறேன்” என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்குச் சூடு சுரணை எதுவுமே கிடையாதா, யார் வயிற்றில் பிறந்தான் இவன் என்று இரண்டு நாள் புலம்பினேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “உன் வயித்துலதான், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. புதன்கிழமை நானே போன் செய்தேன். “சி-யில ஆரம்பிக்கச் சொன்னான். சி-தான் அஸ்திவாரமாம், இது ஏறலன்னா ஆசாமி வேஸ்டாம். புத்தகம்கூட நம்ம வீட்டுலயே இருக்கு, நீங்க குடுத்ததுதான். ஞாயித்துக்கிழமை காவ்யாவையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்குங்க” என்றேன். அந்தப் புத்தகத்தைக் கொடுத்த அன்றைக்கு அவர் உன்னிடம் சொன்ன வார்த்தைகளையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். “சரி அண்ணி, வர்றோம்” என்று போனை வைத்தார்.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ பிசிஏ சேர்ந்த வருஷம் தசராவில், ஆயுத பூஜை அன்றைக்கு அவர் வந்தார். கழுத்தில் அவர் வேலை பார்த்த பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் அடையாள அட்டை. லீவு நாளில் எதற்கு அட்டை என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் அப்பா கும்பிட வைத்திருந்த ஸ்பேனர் செட்டுக்கும் என் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் அந்தத் தடிப் புத்தகத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, உன் கையில் எடுத்துக் கொடுத்தார். “சி-தான் அஸ்திவாரம். இது ஏறலன்னா ஆசாமி வேஸ்ட்” என்றார். நீ அவர் காலில் விழுந்து வாங்கினாய். நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முட்டாள், முட்டாள்! கடையில் வாங்கின புத்தகமாக இருந்தால் ஒத்துவரவில்லை என்று தூக்கிப்போட்டிருப்போம். பூஜையில் வைத்து, வீட்டுக்காரரின் தம்பி கையால் வந்த புத்தகத்தை எப்படி ஒதுக்கிவைப்பது? ஒதுக்கினால் அவரையே ஒதுக்கிய மாதிரி. நீ எதில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை அந்தத் தாம்பாளம் முடிவு செய்தது. உன்னிடம் யாரும் கேட்கவில்லை.

நீ முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாய். இங்கிலீஷும் தகராறு, கணக்கும் தகராறு, கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் சிவப்பில் எதையோ காட்டும். ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு அரை நாள் தேடினாய். நான் இங்கே மைசூர் ஹெப்பாளில் கார்மென்ட்ஸ் செக்கிங்கில் இருபத்தாறு வருஷம் நின்றவள். புதிதாக வருகிற பெண்ணை முதல் நாளே காலர் தைக்க உட்கார வைக்க மாட்டோம். ஊசியில் நூல்கூடக் கோக்காமல், கோடு போட்ட காகிதத்தை மெஷினில் கொடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டு என்போம். இரண்டு நாளில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், மெஷின் தன் பேச்சைக் கேட்கிறது என்று. அப்புறம்தான் துணி, அப்புறம்தான் காலர். தினம் தினம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு வந்தால் உன்னிடம் “சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், உனக்குத்தான் கவனம் பத்தல” என்று கத்தினேன். இரண்டு தடவை கை நீட்டியும் இருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

அந்தச் சித்திரையில் அவருடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசம். நூறு பேர் இருந்திருப்பார்கள். பந்தியில் நீ தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தாய். “நம்ம வீட்டு சாஃப்ட்வேர் எஞ்சினியர் பாருங்க” என்று உன்னை இழுத்து நிறுத்தி, “எங்கே, சி-ல பாயிண்டர்னா என்னன்னு எல்லாருக்கும் சொல்லுடா” என்றார். நீ ஜக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் எதிர் வரிசையிலிருந்து பார்த்தேன். தரையைப் பார்த்து, “தெரியல சித்தப்பா” என்றாய். அவர் சிரித்தார், அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். “இதுக்கெல்லாம் ஒரு மண்டை வேணும். இது ஸ்பேனர் பிடிக்கிற கை, அண்ணி. சும்மா காலத்தை வீணாக்காம நஞ்சன்கூட்டுல ஏதாவது ஃபேக்டரில சேத்துவிடுங்க” என்றார். ஸ்பேனர் பிடித்த கை உன் அப்பாவின் கை. அவரும் அந்தப் பந்தியில் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் குடிக்காமல் எழுந்தார்.

அந்த வருஷமே உன்னைக் காலேஜிலிருந்து நிறுத்தினேன். ஏழு வருஷம் நஞ்சன்கூட்டு ரயிலில் போய் வந்தாய். ஃபேக்டரியில் எடை போடுகிற இடத்தில் நின்று மணிக்கொரு தடவை அளவைக் குறித்தாய். உன்னோடு படித்த பையன்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை ஹெப்பாள் ஸ்டாப்பில் நான் தினமும் பார்ப்பேன். ஒவ்வொருவனையும் பார்க்கும்போது உன் சித்தப்பா நினைவு வரும், வயிறு எரியும். அப்புறம் அங்கே மெயின்டனன்ஸில் இருந்த பையன் உன் போனில் பைதான் போட்டுக் கொடுத்ததும், ரயிலில் உட்கார்ந்தே நீ கற்றுக்கொண்டதும், எடை எல்லை தாண்டினால் தானாகச் சொல்கிற புரோகிராமை எழுதி மேனேஜரிடம் காட்டியதும் ஊருக்கே தெரியும். நான் ஊருக்கே சொன்னேன். உனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தபோது முதல் மைசூர்பாகு டப்பாவை அவர் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனேன். இனிப்புக் கொடுக்கப் போகவில்லை, முகத்தைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டில் இல்லை.

நீ ஒரு தடவை சொன்னாய், “சி-யைத் திட்டாதம்மா, அது நல்ல லாங்குவேஜ், இப்ப படிச்சா எனக்கே பிடிக்குது” என்று. சரி, நான் அதைத் திட்டவில்லை. எனக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் உன்னை வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன், எந்த லாங்குவேஜில் ஆரம்பிப்பது என்று நாளைக்கு உன்னிடம் யாராவது கேட்டால் நீயும் சொல். முதல் நாளே, நாம் சொன்னதைக் கேட்டு ஏதோ ஒன்று நடந்தது என்று கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். தப்பு வந்தால் கூச்சமில்லாமல் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். எவர் பெரியவர், எவருக்கு மரியாதை என்று பார்த்து அதை எடுக்கக் கூடாது. எடுத்ததை வைத்து உருப்படியாக ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்கிறவரை ஊரார் பேச்சைக் கேட்டுத் தாவவும் கூடாது. படிக்கிறவன்தான் உட்கார்ந்து மல்லாட வேண்டும், சொல்கிறவருக்கு என்ன, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

நாலு வருஷம் முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அலமாரியைக் காலி செய்தேன். அந்தப் புத்தகம் கையில் வந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று புரட்டினேன். தப்புத் தையலைத் தேடியே பழகின கண் இது, சும்மா இருக்குமா? முதல் பக்கத்தில் அவர் பெயர். உள்ளே பென்சிலில் அடிக்கோடு, ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் கன்னடத்தில் அர்த்தம், எல்லாம் அவர் கையெழுத்து. முப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும்தான். அந்தப் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் ‘அர்த்த ஆகலில்லா’ என்று எழுதி மூன்று கேள்விக்குறி. புரியவில்லையாம்! அதற்குப் பிறகு பென்சிலே இல்லை, உன் நீல மை மட்டும்தான். விசாரித்தேன். அந்தக் கம்பெனியில் அவர் கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. எந்த பஸ் எந்த ரூட்டில் போக வேண்டும் என்று பார்க்கிற டிரான்ஸ்போர்ட் வேலை. அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தைத் தாண்டாத மனுஷன், இருநூறு பக்கத்துக்கு மேல் வருகிற பாயிண்டரை என் பிள்ளையிடம் பந்தியில் வைத்துக் கேட்டானே, அதைச் சொல்கிறேன். உனக்குப் போன் செய்து சொன்னால், நீ, “அப்பவே தெரியும்மா. அதைப் பாத்துத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியமே வந்துச்சு” என்கிறாய். உன்னை என்ன செய்வது! நான் புத்தகத்தை எடைக்குப் போடவில்லை. உறை போட்டு வைத்தேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த அட்டை இல்லாமல் அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. தலை நரைத்திருந்தது. காவ்யா வளர்ந்து என் உயரத்துக்கு நிற்கிறாள், தமிழ் அரைகுறைதான், கன்னடம்தான் சரளம். நான் வேண்டுமென்றே தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ, எதையும் விடவில்லை. உன் அப்பா, “எதுக்கு இதெல்லாம்” என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். புத்தகத்தை அந்தப் பக்கம் திறந்தே வைத்து, அவரிடம் கொடுக்காமல், காவ்யாவிடம் நீட்டினேன். “உங்கப்பா படிச்ச புத்தகம்மா. எவ்வளவு தூரம் படிச்சிருக்கார் பாரு” என்றேன்.

அவள் சத்தமாக வாசித்தாள். “அர்த்த ஆகலில்லா.” திரும்பி, “அப்பா, இது உங்க ஹேண்ட்ரைட்டிங் தானே?” என்றாள். பின்னால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இதுக்கு மேல நீங்க படிக்கவே இல்லியா? வீட்டுல சி-ல எக்ஸ்பர்ட்னு சொன்னீங்களே?” அவர் முகம் விழுந்ததை நான் உனக்கு எப்படிச் சொல்வேன்! காதுமடல்வரை சிவந்து, தரையைப் பார்த்தார். நான் நன்றாகப் பார்த்தேன். பந்தியில் நீ நின்ற மாதிரியே நின்றார். பன்னிரண்டு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்கு இறங்கியது. இன்று வரைக்கும் அதற்காக ஒரு துளி வருத்தம் எனக்கு இல்லை, வரவும் வராது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. உன் நீல மையைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைசிப் பக்கம் வரைக்கும் நீ எழுதிவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, அண்ணா முழுசாப் படிச்சிருக்காரே. அப்புறம் ஏன் காலேஜ் விட்டுட்டாரு?” என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். “என்னாலதாம்மா. எனக்கே தெரியாததை அவன்கிட்ட எல்லார் முன்னாடியும் கேட்டு, அவமானப்படுத்தி, நான்தான் அவன் படிப்பைக் கெடுத்தேன். அண்ணி, தப்பாய்த்து” என்று கன்னடத்தில் தப்பை ஒப்புக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். மகள் முன்னால். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் எல்லாம் அவராகவே சொன்னார். குளிர்ந்துபோக வேண்டாமா நான்? எனக்கு வியர்த்துவிட்டது. “பைதான்ல ஆரம்பிம்மா, அண்ணன் அதைத்தான் சொன்னான், நான்தான் மாத்திச் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். அவர் ஒப்புக்கொண்ட பழியில் பாதிக்கு மேல் அவருடையது இல்லை என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் தலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்தபின் என்னை என்ன செய்யலாம் என்று நீ முடிவு செய். நீ பெரிய மனதுக்காரன், அது எனக்கு வேண்டாம். அவருக்கு நான் வைத்திருந்த கோபத்தில் பாதியாவது எனக்கு நீ வை. கிரகப்பிரவேசம் முடிந்த பத்தாம் நாள், உன் காலேஜிலிருந்து கம்ப்யூட்டர் டீச்சர் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பச்சைப் புடவை, தோளில் பை, ஸ்கூட்டரை எதிர் வீட்டு நிழலில் நிறுத்தினார். கன்னடத்தில்தான் பேசினார். உங்கள் பையனைக் காலேஜிலிருந்து நிறுத்தப் போகிறீர்களாமே, அவசரப்படாதீர்கள் என்றார். லேபில் ஒரு நாள் சும்மா பைதானைத் திறந்து கொடுத்தேன், ஒரே மணி நேரத்தில் வகுப்பு முழுவதற்கும் வருகைப் பதிவைச் சரிபார்க்கிற புரோகிராம் எழுதிவிட்டான், அவனுக்கு மூளைக்குக் குறைவில்லை, வீட்டில் தப்பான இடத்தில் ஆரம்பித்துவைத்துவிட்டார்கள், சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீட்டில் தப்பு என்று ஒரு வெளி மனுஷி என் வாசலில் நின்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நஞ்சன்கூட்டில் உன்னைச் சேர்க்க ஆளிடம் சொல்லியும் ஆகிவிட்டது. பைதான் எல்லாம் குழந்தைகள் விளையாடுவது என்று உன் சித்தப்பா எப்போதோ சொன்னதை அந்த டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அவனைக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா, அவன்கிட்டயே ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போறேன்” என்றார். அவன் ஊரில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நீ உள் அறையில்தான் உட்கார்ந்திருந்தாய்.